டயருக்கும் ஒரு பதிவேடு



கறவை மாடு, கருவாடு, பெட்டிக்கடை என்று நம் தொழில்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை லாரி டயரைப் பற்றிப் பார்க்கலாம். “டயரா? அது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வண்டி ஓட்டுவது வேண்டுமானால் வீட்டுக்காரராகவோ மகனாகவோ இருக்கலாம். வண்டிக் கடனுக்குக் குழுவில் கையெழுத்துப் போட்டிருப்பது யார்? மாதா மாதம் தவணைப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கூட்டத்துக்கு வருவது யார்? நாம்தானே!

விஷயம் ஒரு குழுக் கூட்டத்தில்தான் ஆரம்பித்தது. உறுப்பினர் ஒருவர் இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கி, அகஸ்தியம்பள்ளி உப்பளத்திலிருந்து வீட்டுக்காரர் லோடு அடிக்கிறார். லோடு இல்லாமலும் இல்லை. காரணம் கேட்டதற்கு, “ரெண்டு டயர் வாங்கிட்டோம், அதான்” என்றார். நாலு மாதத்துக்கு முன்னாலும் இதே இரண்டு டயர், இதே பதில். ஊக்குநர் விடவில்லை. “எந்த டயர்க்கா தேஞ்சுது? முன்னாடியா, பின்னாடியா? அது எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு?” என்று கேட்டார். உறுப்பினர் முழித்தார். “அதெல்லாம் யாரு பாக்குறா? தேஞ்சுதுன்னாரு, காசு குடுத்தேன்.”

ஐந்து ரூபாய் சந்தா குறைந்தால் கூட நோட்டைப் புரட்டித் தேடுகிற நாம், பல ஆயிரம் ரூபாய் டயர் எங்கே போனது என்று கேட்பதில்லை. லாரித் தொழிலில் டீசலுக்கு அடுத்தபடியாகக் கையைக் கடிப்பது டயர்ச் செலவு. டீசல் தினமும் கண்ணுக்குத் தெரியும். டயர் சத்தமில்லாமல் தேயும். அந்த வாரக் கடைசியிலேயே நாலைந்து பேர் சேர்ந்து லாரியைப் பார்க்கப் போனோம். பஞ்சர் கடைப் பெரியவர் ஒருவரையும் கூட வரச் சொன்னோம். அவர் காட்டியதையும் பிறகு நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

எல்லா டயரும் ஒரே மாதிரி தேயாது

ஆறு சக்கர லாரிக்கு முன்னால் இரண்டு டயர். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு டயர், அதாவது உள் டயர், வெளி டயர் என்று ஜோடி. ஸ்டெப்னி ஒன்று. ஆக ஏழு. ஒரே நாளில் ஏழும் புதிதாக வாங்கிப் போட்டாலும் ஒரே நாளில் ஏழும் தேயாது. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு வேறு.

முன் டயர் வண்டியைத் திருப்புகிறது. அதனால் அதற்கு ஓரங்களில் தேய்மானம் அதிகம். பின் டயர் சுமையைத் தாங்குவதோடு என்ஜின் இழுவையையும் தரைக்குக் கொடுக்கிறது. ஆகவே அதன் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் சற்று மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடப்பட்டவை. அதனால் பின் ஜோடியில் உள் டயருக்குக் கொஞ்சம் கூடுதல் சுமை வருகிறது. எதிரே பஸ் வந்தால் இடது பக்கச் சக்கரங்கள்தான் தாரை விட்டுக் கப்பியில் இறங்குகின்றன. வெட்டும் கீறலும் அந்தப் பக்கத்துக்குத்தான் அதிகம்.

இதோடு உப்பு வேறு. ஒரே அளவு இடத்தில் நெல்லைவிட உப்பு கனம். பாடி நிரம்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து ஏற்றினால் எடை கூடிப்போகும். கூடுதல் எடையில் ஓடும் டயர் சூடாகும், சூடான டயர் சீக்கிரம் தேயும், சில சமயம் வெடிக்கும். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி அகல ரயில் பாதை திறந்தாயிற்று. ஆனாலும் பாத்தி ஓரத்துக் குவியலிலிருந்து உப்பை வெளியே கொண்டுவர ரப்பர் சக்கரம்தானே வேண்டும்!

ஒரு டயர் தன் இடத்தில் ஒரு பக்கமாகத் தேய்வதற்கு முன்பு அதை வேறு இடத்துக்கு மாற்றி, தேய்மானத்தை எல்லா டயருக்கும் பங்கு போடுவதுதான் டயர் மாற்றிப் போடுதல். ஒரே வயலில் ஒரே பயிரை வைக்காமல் நெல்லுக்குப் பின் உளுந்து போடுகிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் படிக்கலாம்

பெரியவர் நம் உறுப்பினரின் கையைப் பிடித்து முன் டயர் மேல் வைத்து, “உள்ளேருந்து வெளியே தடவு தாயி. இப்ப வெளியேருந்து உள்ளே தடவு” என்றார். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் மறுபக்கம் தடவும்போது ரம்பம் மாதிரியும் இருந்தது. “சக்கரம் நேரா ஓடலை. தரையில தேச்சுக்கிட்டே ஓடுது. அலைன்மெண்ட் பாக்கணும்” என்றார். மருத்துவச்சி நாடி பிடித்த மாதிரி இருந்தது எங்களுக்கு!

(தடவுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நைந்த டயரில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தடவுங்கள்.)

டயர் தேய்ந்திருக்கும் விதமே நோயைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வோ நேர்க்கோடோ சரியில்லை. அங்கங்கே குழி குழியாக இருந்தால் பேரிங், ஷாக் அப்சார்பர், வீல் பேலன்ஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் சடன் பிரேக்கில் டயர் இழுபட்டிருக்கிறது. பின் டயரில் கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்கிறதா? அது இழுவையால் வருவது. இதற்குத்தான் மாற்றிப் போடுவது நல்ல மருந்து.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நம் உறுப்பினர் வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. முன் டயர் ஓரம் தேய்ந்ததும் அதைக் கழற்றிப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் போட்டிருக்கிறார்கள். சக்கரம் கோணலாக ஓடுவதைச் சரிசெய்யவில்லை. முன்னால் வந்த டயரும் அதே மாதிரி தேய்ந்தது. அதையும் மாற்றினார்கள். கோளாறைச் சரிசெய்யாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு டயரோடு போக வேண்டிய நஷ்டம் ஆறு டயருக்கும் பரவும். முதலில் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் இடம் மாற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

ஜோடி டயரில் ஒளிந்திருக்கும் செலவு

பின்னால் இருக்கும் ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளி டயரை எல்லோரும் காலால் உதைத்துப் பார்ப்போம். உள் டயரைப் பார்க்கக் குனிய வேண்டும், காற்று பிடிக்கவும் கையை உள்ளே விட வேண்டும். அதனால் அதை யாரும் கவனிப்பதில்லை. உள் டயரில் காற்று இறங்கிவிட்டால் மொத்தச் சுமையும் வெளி டயருக்குப் போகிறது. டிரைவருக்கு அது தெரியாது, வண்டி நன்றாகத்தான் ஓடும். கடைசியில் இரண்டும் போகும்.

ஜோடி என்றால் இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாகப் போட்டால் என்ன ஆகும்? ஒரு டயரின் குறுக்களவு 100 செ.மீ., பக்கத்து டயர் தேய்ந்து 99 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அச்சில் சேர்த்து முடுக்கப்பட்டவை, சேர்ந்துதான் சுற்ற முடியும். பெரியது ஒரு கிலோமீட்டர் உருளும் நேரத்தில் சின்னது 990 மீட்டர்தான் உருளும். மிச்சம் 10 மீட்டர் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்! தார் ரோட்டில் சுமையோடு ஒரு டயரை அவ்வளவு தூரம் இழுத்தால் அது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுமையில் பெரும்பங்கும் உயரமான டயர் மேலேயே விழும். ஆக, சிக்கனம் என்று நினைத்து ஒரே ஒரு புது டயர் வாங்கிப் பழையதோடு ஜோடி சேர்ப்பதில் சிக்கனமே இல்லை. தேய்மானம் ஒத்துப்போகிற இரண்டைத்தான் சேர்க்க வேண்டும். கொஞ்சம் வித்தியாசம் தவிர்க்க முடியாவிட்டால் பெரியதை வெளியே போடுங்கள், உள் டயருக்குத்தான் ஏற்கனவே சுமை கூடுதலாயிற்றே.

ரேடியல் டயரையும் நைலான் டயரையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. ஜோடிக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எதை எங்கே போடுவது?

லாரியில் எப்போதும் நல்ல டயர் முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் கொஞ்சமாவது தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும். வண்டியில் இருப்பது நம் வீட்டு ஆள். ரீட்ரேட் செய்த டயரும் முன்னால் வேண்டாம், அது பின்னால் ஓடட்டும். மிச்சம் பிடிக்க எத்தனையோ இடம் இருக்கிறது, முன் டயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஏழு டயரும் ஒரே அளவு, ஒரே வகை என்றால் வழக்கம் இதுதான்: புதியது முன்னால் போகும். அது பாதி தேய்ந்ததும் பின்னால் வரும். முன்னால் மறுபடி புதுசு. பின்னால் வந்தது நூல் தெரியும் அளவுக்கு மொட்டையாவதற்கு முன்பே கழற்றி ரீட்ரேடிங்குக்கு அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கும் நூலோ கம்பியோ அடிபட்டுவிட்டால் மேலே எவ்வளவு நல்ல ரப்பர் ஒட்டினாலும் பயனில்லை, கடைக்காரரே திருப்பி அனுப்பிவிடுவார். கடைசி ரப்பர் வரைக்கும் ஓட்டிவிட வேண்டும் என்கிற ஆசையில் ஒரு முழு ஆயுளை இழப்பது இப்படித்தான்.

முன்னால் நீளக்கோடு போட்ட ரிப் டயரும் பின்னால் கட்டை கட்டையான லக் டயரும் போட்டிருந்தால் முன்னும் பின்னும் மாற்ற முடியாது. அப்போது முன் இரண்டையும் இடம் வலமாக மாற்றலாம். பின்னால் உள்ளதை வெளியேயும் வெளியுள்ளதை உள்ளேயும் மாற்றலாம். ஒரே பக்கத்தில் உள்–வெளி மாற்றும்போது வட்டு திரும்பிப் போவதால் டயர் சுழலும் திசையும் மாறும், விளிம்பு கூர்மையாகத் தேய்ந்தது சமமாகும். டயர் ஓரத்தில் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையில்தான் போட வேண்டும்.

பூ மூட்டை, மாங்காய்க் கூடை ஏற்றும் குட்டி யானை வண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு: நாலு டயரும் ஒரே அளவாக இருந்தால் பின்னால் இருக்கும் இரண்டையும் அதே பக்கத்தில் முன்னால் கொண்டுவாருங்கள். முன்னால் இருப்பதைப் பக்கம் மாற்றிப் பின்னால் போடுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பழைய வண்டியில் புத்தகம் எங்கே இருக்கப்போகிறது! ஆகவே கிலோமீட்டரை மட்டும் நம்பாமல் தேய்மானத்தை அளந்து முடிவு செய்வது நல்லது. மாற்றிய பிறகு காற்றைச் சரிபார்க்க மறக்காதீர்கள். முன்னுக்கு வேண்டிய காற்றும் பின்னுக்கு வேண்டிய காற்றும் வேறு வேறாக இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரியான அளவு. ஓடி வந்த சூட்டில் காற்று அதிகம் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது.

மணலில் ஜாக்கி, உப்பில் நட்டு

நம் ஊர் மணல் தரை. ஜாக்கியை அப்படியே வைத்தால் புதைந்து சாய்ந்துவிடும். கெட்டியான தரையில் நிறுத்தி, அடியில் கனமான பலகை வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும். லோடோடு வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜோடிச் சக்கரத்தின் நட்டைக் கழற்றும் முன் டயர்க் காற்றை இறக்கிவிடுவது பாதுகாப்பு. ரிங்கு வைத்த வட்டில் காற்று அடிக்கும்போது யாரும் அதற்கு எதிரே நிற்க வேண்டாம். ரிங்கு தெறித்தால் உயிருக்கே ஆபத்து. நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் விரட்டிவிடுங்கள்.

உப்பு லாரியின் நட்டும் போல்ட்டும் துருப்பிடிக்கும் வேகம் நமக்குத் தெரிந்ததுதான். அந்த லாரியில் ஒரு நட்டைக் கழற்ற இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீர் ரப்பரை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் ரேடியல் டயரில் ஆழமான வெட்டு இருந்தால் அது வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருவாக்கும், நாளடைவில் மேல் ரப்பர் பிரிந்துவரும். லோடு இறக்கிய பிறகு நல்ல தண்ணீர் விட்டு அடிப்பகுதியையும் சக்கரத்தையும் கழுவுவது நல்ல பழக்கம். வெட்டு இருந்தால் காலதாமதம் செய்யாமல் அடைக்க வேண்டும்.

நட்டுகளை வரிசையாகச் சுற்றிவராமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை முடுக்க வேண்டும். இதை நிறையப் பேர் செய்வதே இல்லை. ஓடும்போது சக்கரம் கழன்று போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நம் வேலை: பதிவேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கம். டயர் ஓரத்தில் பொறித்திருக்கும் எண், வாங்கிய தேதி, விலை, போட்ட இடம், அன்றைய கிலோமீட்டர், பள்ளத்தின் ஆழம். மீட்டர் ஓடாத வண்டியா? டிரிப் நோட்டைப் பார்த்துத் தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆழத்தை அளக்கத் தனிக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு ஈர்க்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, ரப்பர் மட்டத்தில் நகத்தால் கிள்ளி, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். லாரி டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக் கூடாது. பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும், ரப்பர் அதற்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்று அர்த்தம். சட்டம் விடுகிற கடைசி எல்லைதான் அது. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது, பள்ளம் இல்லாத டயர் ஈரத்தில் வழுக்கும்.

பழைய வண்டியோ பழைய டயரோ வாங்கப் போகிறீர்களா? ஓரத்தில் முடிவில் நாலு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பளபளவென்று கறுப்பு மை பூசி விற்கும் டயரின் வயதை இதில் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது கணக்கு. ஒரு டயர் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கு 1,20,000. கவனமாக வைத்து 50,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு டயர்ச் செலவு 2 ரூபாய் 40 காசு. கவனிக்காமல் 35,000 கி.மீட்டரிலேயே போய்விட்டால் 3 ரூபாய் 43 காசு. மாதம் 3,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு வித்தியாசம் ஏறத்தாழ 3,000 ரூபாய். உங்கள் வண்டியின் விலையையும் தூரத்தையும் போட்டு நீங்களே பாருங்கள், தொகை கூடலாம், குறையலாம். நம் உறுப்பினர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அடிப்பாவி, இது என் தவணைல்ல!” என்றார்.

அவர் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். “லோடு வண்டின்னா டயர் தேயத்தான் செய்யும்” என்றார். நாங்கள் வாதாடவில்லை. முன் சக்கர அலைன்மெண்ட் பார்க்க மட்டும் சம்மதித்தார். ஜோடி சேராமல் இருந்த பின் டயர்களை அளந்து, ஒத்துப்போவதைச் சேர்த்து மாட்டினார்கள். ஒன்று ஏற்கனவே நூல் தெரிந்துவிட்டது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு வட்டிலும் சுண்ணாம்பால் எண் போட்டு, நோட்டில் ஏற்றியாயிற்று. இப்போது லாரி வீட்டுக்கு வந்து நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டாவது படிக்கும் மகள் ஈர்க்குச்சியோடு அடியில் குனிந்து அளவு சொல்கிறாள், அம்மா எழுதுகிறார். பாக்கித் தவணையில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றுக்கு அடுத்த கூட்டம் வரை குழு தவணை கொடுத்திருக்கிறது.

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளந்து எழுதிய தாளைக் கொண்டுவாருங்கள். அளப்பதற்கு முன் வண்டி கியரில் நிற்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குனியுங்கள்.